தூக்குப்பாலக் கட்டுரையில் ஒரு வரி

என் மாமா பல் செய்பவர். பிடுங்குகிறவர் அல்ல, செய்பவர். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். மாமா அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ஒரு முழுச் சிரிப்பை அட்டைப்பெட்டிக்குள் வைத்துத் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். காலையில் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அலமாரி நிறைய யார் யாருடையவோ தாடைகள், எதையோ சொல்லவந்து நிறுத்திக்கொண்ட மாதிரி.

தெரிந்தவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆதாரம்'. அதற்குக் காரணம் அவருடைய இன்னொரு வேலை, சம்பளம் இல்லாத வேலை. இணையத்தில் எல்லாரும் எழுதி எல்லாரும் திருத்துகிற கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதில் மாமா அது தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறார். இப்போதெல்லாம் எழுதுவதைவிட வெட்டுவதே அதிகம். யாராவது எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டாமல் ஒரு வரி சேர்த்தால் அதன் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று போடுவார். கொஞ்ச நாள் பொறுப்பார். பிறகு வெட்டிவிடுவார். இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

"என்னங்க, மழை வரப்போகுது, துணியை எடுங்க."

"ஆதாரம்?"

"உங்க மண்டை. நனைஞ்சா தெரியும்."

அத்தை மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருபவர். பதில் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்காது.

களஞ்சியம் வந்த புதிதில் மாமாவை எல்லாரும் கிண்டல் செய்தார்களாம். அவருக்கு நிறைய வேலை கொடுக்கும் பல் மருத்துவர் ஒருவர், "யார் வேணா எழுதலாமா? அப்ப அதுக்கும் கழிப்பறைச் சுவருக்கும் என்னய்யா வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறார். இப்போது அதே மருத்துவர் நோயாளியை வாயைத் திறந்தபடி உட்காரவைத்துவிட்டு, கைபேசியில் களஞ்சியத்தைப் புரட்டுவதை மாமா கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். அன்று வீட்டில் விருந்து நடந்த மாதிரி இருந்தது. "கழிப்பறைச் சுவரைப் பாத்து வைத்தியம் பண்றார் மாப்ளே!" என்று என் தோளில் தட்டினார்.

அந்த முதல் வருடங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இளமையாகிவிடும். எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கொஞ்சம் பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நம் மொழியில் எதைத் தேடினாலும் வெறும் பக்கம். திருகாணிக்குக் கட்டுரை இல்லை, தாடை எலும்புக்கு இல்லை, மழைக்கே இல்லை. ஆகவே வேகம் வேகமாக எழுதினார்கள். "முதல்ல எழுது, ஆதாரம் பின்னாடியே வந்துடும்" என்பதுதான் அப்போது அவர்களுடைய மந்திரம். மெழுகு ஆறும் நேரத்தில் ஒரு கட்டுரை, பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் ஒரு கட்டுரை. ஆதாரம் சிலவற்றுக்குப் பின்னாடியே வந்தது. சிலவற்றுக்கு வரவில்லை. நாளாக நாளாகக் களஞ்சியம் பெரிதாயிற்று, விதிகள் வந்தன, மாமா நிர்வாகி ஆனார், கண்டிப்பானார். நூலகத்தில் வகுப்பெடுத்துப் புதியவர்களைச் சேர்த்துவிட்டார். தன் பழைய கட்டுரைகளுக்கு மட்டும் அவர் திரும்பிப் போகவில்லை. பெற்ற பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு சனிக்கிழமை முற்பகலில் ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். அவருடைய அப்பாவின் கீழ்ப்பல் செட் விரிசல் விட்டு மாமாவிடம் சரிசெய்ய வந்திருந்தது. அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அட்டைப்பெட்டிகளின் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், நீங்க அந்தக் களஞ்சியத்துல பெரிய ஆளாமே."

"பெரிய ஆளெல்லாம் இல்லம்மா. பழைய ஆள்," என்றார் மாமா, சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.

"அதுல எங்கப்பாவைப் பத்தி ஒரு பொய் இருக்கு. எடுக்கணும்."

அவர் அப்பா எங்கள் ஊர்க் கால்வாயின் தூக்குப்பாலத்தில் காவலராக இருந்தவர். படகு வரும்போது இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டுப் பாலத்தைத் தூக்குவது அவர் வேலை. பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் பாலம் தூக்கியிருந்தபோது ஒரு பக்கத் தடுப்பு இறங்காமல், ஒரு வேன் நேராகக் கால்வாய்க்குள் விழுந்துவிட்டது. ஓட்டுநரும் உள்ளே இருந்த ஒரு பெண்ணும் இறந்துபோனார்கள். களஞ்சியத்தில் தூக்குப்பாலக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் அது இருந்தது. கூடவே ஒரு வரி: 'பணியிலிருந்த காவலர் உறங்கிவிட்டதே இவ்விபத்துக்குக் காரணம்.'

"என் பையன் வகுப்புல நம்ம ஊரைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. ஒரு பிள்ளை இதை எடுத்து எல்லார் முன்னாடியும் படிச்சிருக்கு. இப்ப இவனுக்குத் 'தூங்குமூஞ்சிப் பேரன்'னு பேரு. வீட்டுக்கு வந்து, 'தாத்தா, நீங்க தூங்கினீங்களா'ன்னு நேரா கேட்டுட்டான். அன்னியிலேர்ந்து அப்பா வாயைத் திறக்கல."

மாமா கணினியைத் திறந்து வரியைப் பார்த்தார். அதன் முனையில் சின்ன எண் இருந்தது. அதை அழுத்தினால் ஒரு நாளிதழின் ஞாயிறு மலர்க் கட்டுரை வந்தது.

"இதுக்கு ஆதாரம் இருக்கேம்மா. பத்திரிகையில வந்திருக்கு."

"பத்திரிகைக்காரர் எங்கப்பா பக்கத்துல பாய் போட்டுப் படுத்திருந்தாரா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மாமாவும் சிரித்துவிட்டார். "கோபப்படாதீங்க. எங்ககிட்ட ஒண்ணு உண்டு, வேற எங்கயும் கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால வரலாறுன்னு ஒரு பக்கம். யார் எந்த வரியை எப்பச் சேர்த்தாங்கன்னு புட்டுப் புட்டு வச்சிடும். யாரும் தப்பிக்க முடியாது. வாங்க, பக்கத்துல வந்து பாருங்க."

நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். நான் பின்னால் நின்றேன். மாமா வரலாற்றில் கீழே கீழே போனார். அந்த வரி பத்திரிகைக் கட்டுரைக்கு முன்பே அங்கே இருந்தது. சில வருடங்கள் எந்த ஆதாரமும் இல்லாமல் இருந்தது. பத்திரிகை அதைச் சொல் மாறாமல் எடுத்துப் போட்டிருக்கிறது. பிறகு யாரோ ஒரு நல்ல மனிதர் அந்தப் பத்திரிகையையே கொண்டுவந்து அந்த வரிக்கு ஆதாரமாகக் கட்டியிருக்கிறார். வால் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டது. மாமா இன்னும் கீழே போனார். முதல் நாள், முதல் பதிவு. அந்த வரி அதிலேயே இருந்தது. எதிரே பெயர்: பல்சக்கரம்.

பல்சக்கரம் என்பது களஞ்சியத்தில் மாமா எழுதும் பெயர்.

அவர் விரல் சுட்டியின் மேல் அப்படியே நின்றது. பின்கழுத்து மெல்லச் சிவப்பதை நான் பார்த்தேன்.

"பல்சக்கரமா? யார் சார் அது?"

"யாரோ... பழைய ஆள் ஒருத்தர்," என்றார் மாமா. "இப்ப யாரும் இப்படி எழுத மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்மா."

அந்தப் பெண் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "சரி சார், உங்களை நம்பித்தான் போறேன்," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

மாமா மேசைக்குத் திரும்பினார். ஒரு மேல்தாடையை எடுத்து, ஏற்கெனவே வழவழப்பாக இருந்ததை மறுபடியும் தேய்த்தார்.

"பாத்தியா மாப்ளே?"

"பாத்தேன் மாமா."

"ம்." தூசியை ஊதினார். "எப்ப எழுதினேன்னே ஞாபகம் இல்லடா. பிளாஸ்டர் காயறதுக்குள்ள எழுதியிருப்பேன்."

அன்று மாலைக்குள் அவர் அந்த வரியை வெட்டினார். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அது திரும்பி வந்திருந்தது. திரும்ப வைத்தவர் 'நடுப்பக்கம்' என்ற பெயரில் எழுதும் ஓர் இளைஞர், நூலக வகுப்பில் மாமா சேர்த்துவிட்டவர். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகக் குறிப்பும் போட்டிருந்தார்: 'ஐயா, நாளிதழ் ஆதாரம் உள்ள தகவலைக் காரணமின்றி நீக்கலாகாது. தாங்கள் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி.'

"பையன் சரியாத்தான் செஞ்சிருக்கான்," என்றார் மாமா. அதைவிட வருத்தமான பாராட்டை நான் கேட்டதில்லை.

மறுநாள் அவர் நூலகத்துக்குப் போய்ப் பழைய நாளிதழ்க் கட்டுகளைக் கேட்டு வாங்கினார். தேட அதிக நேரம் ஆகவில்லை. விபத்துக்குச் சில மாதம் கழித்து விசாரணை முடிவு வெளியாகியிருந்தது. தடுப்புக் கம்பியை இழுத்து இறக்கும் இரும்புவடம் அறுந்துபோனதுதான் காரணம். வடம் தேய்ந்துவிட்டதென்று காவலர் அதற்கு முன்பே இரண்டு முறை மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. இதையெல்லாம் வெளியிட்டிருந்தது, பிற்பாடு ஞாயிறு மலரில் 'உறங்கிவிட்டதே' என்று எழுதிய அதே நாளிதழ்தான். பத்திரிகைகூடத் தன் பழைய இதழ்க் கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை. மாமாவும் பார்க்கவில்லை. நூலகம் எங்கள் தெருவைத் தாண்டினால் வந்துவிடும்.

இரண்டு ஆதாரம் முரண்பட்டால் இரண்டையும் எழுத வேண்டும் என்று களஞ்சியத்தில் ஒரு விதி இருக்கிறது. நல்ல விதி. மாமா அதில் ஏறி ஒளிந்துகொண்டார். வரியை இப்படி மாற்றினார்: 'காவலர் உறங்கிவிட்டதாக ஒரு நாளிதழ்க் குறிப்பும், தடுப்பின் வடம் அறுந்ததே காரணமென விசாரணை முடிவும் கூறுகின்றன.' நடுப்பக்கம் நன்றி சொன்னார். பத்திரிகை தன்னிடமிருந்துதான் எடுத்தது, தன்னிடம் ஆதாரம் ஒன்றுமே இல்லை என்று மாமா சொல்லியிருந்தால் முதல் பாதி முழுவதும் போயிருக்கும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் பல்சக்கரம் வாயைத் திறக்க வேண்டும்.

பல் செட்டை வாங்க அந்தப் பெண் மறுபடி வந்தார். மாமா ஆர்வமாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டு பக்கமும் போட்டாச்சும்மா. நடுநிலையா இருக்கு."

அவர் மெதுவாகப் படித்தார். பிறகு, "அப்ப எங்கப்பா பாதி தூங்கினாருன்னு முடிவு பண்ணியிருக்கீங்க," என்றார்.

"அப்படி இல்லம்மா, விதி என்னன்னா..."

"விதி எங்க வீட்டுக்கு வராது சார். பேரனைக் கூப்பிட்டு, 'டேய், தாத்தா ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தாருடா'ன்னு சொல்லவா?"

பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தை கரண்டியோடு வெளியே வந்தார். அத்தைக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முதல் நாள் அந்தப் பெண் கேட்டதும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்; பல்சக்கரம் யாரென்று அத்தைக்குத் தெரியாதா என்ன.

"எழுதினது நீங்கதானே?"

மாமா திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் ஆதாரம் கேட்டீங்களே. நான் காய்ச்சல்னு படுத்தாக்கூட வெப்பமானியைக் கொண்டான்னீங்க. அந்த மனுஷன் தூங்கினதை மட்டும் எந்த வெப்பமானி வச்சு அளந்தீங்க?"

"விடு."

"நான் விட்டுடுவேன். நீ என்னடா ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிற?" என்றார் என்னைப் பார்த்து. "கவிதைப் புத்தகத்தைப் பிரிச்சா மட்டும் மணிக்கணக்கா உருகத் தெரியுது. மாமன் தப்பு பண்ணும்போது ஒரு வார்த்தை வராது."

எனக்கு அப்போதும் வரவில்லை.

மாமா கணினி முன்னால் உட்கார்ந்தார். தட்டச்சு செய்வார், அழிப்பார். பல்லில் மயிரிழை உயரம் தப்பினாலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறவர், அன்று ஒரு பத்தியை முடிக்க அந்தப் பாடு பட்டார். கடைசியில் உரையாடல் பக்கத்தில் இதைப் போட்டார்:

'காவலர் உறங்கினார் என்ற வரியைக் கட்டுரை தொடங்கியபோது எழுதியவன் நான். என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஊரில் கேட்ட பேச்சை எழுதினேன். நாளிதழ் என் வரியைத்தான் எடுத்து வெளியிட்டது. தேதிகளை ஒப்பிட்டால் தெரியும். எனவே அது ஆதாரமாகாது. விசாரணை முடிவு மட்டுமே நிற்க வேண்டும். நீக்குகிறேன். பல்சக்கரம்.'

இந்த முறை யாரும் திரும்ப வைக்கவில்லை. நடுப்பக்கம் ஒரே சொல்லில் 'சரி' என்று எழுதினார். அதில் 'ஐயா' இல்லை. அடுத்த சில நாட்களில் மாமாவின் பழைய கட்டுரைகள் ஒவ்வொன்றாக விசாரணைக்கு வந்தன. திருகாணியிலும் தாடை எலும்பிலும், ஊர்ச் சந்தை பற்றிய கட்டுரையிலும் வரிக்கு வரி 'ஆதாரம் தேவை' என்று முளைத்தது. போட்டவர்கள் எல்லாம் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். மாமா ஒன்றையும் எடுக்கவில்லை. மருத்துவரிடம் பல்லைக் கொடுக்கப் போனபோது, "என்னய்யா, சுவர்ல நீயும் கிறுக்கினியாமே?" என்று அவர் சிரித்தாராம். மாமா அதை எங்களிடம் சொல்லிவிட்டு, தானும் சிரிக்க முயன்றார்.

"அவங்க வீட்டுக்குப் போகணும்," என்றார் ஒரு சாயங்காலம். "அந்தப் பொண்ணு அந்தப் பக்கத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். நீயும் வா. பேச வேணாம். அது உனக்கு நல்லா வரும்."

இரண்டாவது மாடியில் வீடு. ஜன்னலிலிருந்து கால்வாய் தெரியவில்லை, அதன் ஈரவாடை மட்டும் வந்தது. முதியவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சரிசெய்த கீழ்ப்பல் செட்டைப் போட்டிருந்தார். மாமா பழக்கதோஷத்தில் முதலில் அதைத்தான் பார்த்தார். மகள் எங்களுக்கு நாற்காலி போட்டார். மாமா உட்காரவில்லை.

"ஐயா, அந்த வரியை எழுதினது நான்தான்."

முதியவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பேசியவர் மகள்தான். "எனக்குத் தெரியும் சார். பல்லு செய்யற அறையில உக்காந்துக்கிட்டு பல்சக்கரம் யாருன்னு கேட்டேனே, நான் என்ன அவ்வளவு முட்டாளா? அன்னிக்கே உங்க வாயால வரும்னு பாத்தேன். ரெண்டாவது தடவையும் பாத்தேன்."

மாமாவின் கை சட்டைப் பொத்தானைத் தேடித் தடவியது.

"இரும்மா," என்றார் முதியவர். "தம்பி, யார் சொல்லி எழுதினீங்க?"

"எல்லாரும் சொன்னாங்க ஐயா."

"எல்லாரும்னா?"

"முடிவெட்டற கடையில பேசிக்கிட்டாங்க."

"கடைக்காரர் அன்னிக்குப் பாலத்துல இருந்தாராமா?"

"தெரியல."

"கேக்கலையா?"

"கேக்கல."

முதியவர் வாயை அசைத்துப் பல்லைச் சரிசெய்துகொண்டார். கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். அப்படி நடந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் முழிச்சுத்தான் இருந்தேன் தம்பி," என்றார். "அதான் பிரச்சினையே. கம்பி இறங்கலன்னு தெரிஞ்சுபோச்சு. பாலம் மேல போயிடுச்சு. வேன் வருது. கையை ஆட்டிக் கத்தறேன், ஓடறேன். அந்தப் பொண்ணு முன்சீட்டுல எதையோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு வருது. எல்லாத்தையும் பாத்தேன். தூங்கியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்னு பல நாள் நினைச்சிருக்கேன்."

மகளுக்கும் இது புதிது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"இப்ப எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன் ஐயா. சுத்தமா எடுத்தாச்சு. விசாரணை முடிவு மட்டும்தான் இருக்கு."

"அது அங்க ரொம்ப வருஷமா இருந்துச்சுன்னு பொண்ணு சொன்னா. நிறைய பேர் படிச்சிருப்பாங்களோ?"

ஒரு கட்டுரையை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைக் களஞ்சியம் கணக்கு வைத்துக் காட்டும். மாமா அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"ஆயிரக்கணக்குல," என்றார்.

"ம்." முதியவர் கொஞ்சம் யோசித்தார். "அவங்கல்லாம் திரும்பி வந்து இப்ப இருக்கறதைப் படிப்பாங்களா தம்பி?"

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் அவர் கேட்டார். மாமா இங்கே எதையாவது மென்மையாகச் சொல்லி முடித்துவிடுவார் என்று பயந்தேன்.

"வர மாட்டாங்க ஐயா," என்றார் மாமா.

முதியவர் தலையசைத்தார். பிறகு மகளிடம், "இருட்டிடுச்சு, விளக்கைப் போடும்மா," என்றார்.

விளக்கு எரிந்ததும் மாமாவின் முகம் முழுசாகத் தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.